மூடி போட்ட டின்

மார்ச் 4

என் வாயாடிக்கு,

நலம் நலம் என்று எழுதி எனக்கே சலித்துவிட்டது. பணம் தாமதமாகிறது என்று எழுதியதும் புளுகுதான். கம்பெனியை இழுத்து மூடி மூன்று மாதமாகிறது. அங்கே மழையும் பொய்த்துவிட்டதாமே. கூச்சப்படாமல் என் அண்ணன் வீட்டில் போய் அரிசி கேள். உன் முகத்தில் விழிக்கவே வெட்கமாக இருக்கிறது. ஊர் திரும்பும் எண்ணமே இல்லை.

வெல்டர்

மார்ச் 19

அருமை வெல்டருக்கு,

நீங்கள் புளுகியது எனக்கு எப்போதோ தெரியும். உங்கள் அண்ணன் வீட்டுப் படியை நான் ஏறவில்லை, ஏறவும் மாட்டேன். பிள்ளைகள் ஒரு நாளும் பட்டினி கிடக்கவில்லை.

நல்ல விளைச்சல் இருந்தபோதே எங்கள் பெண்கள் சங்கம் ஓர் அறை பிடித்துத் தானியம் சேர்த்தது. சனிக்கிழமைதோறும் நாற்பது பேரும் மூடி போட்ட டின்னோடு வரிசையில் நிற்போம். ஒவ்வொருத்தியாக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். இருப்பவள் கொட்டுவாள், இல்லாதவள் அள்ளுவாள். யார் எது செய்தாள் என்று யாரும் கேட்கக் கூடாது. தலைவி தையல்கார அக்கா போட்ட சட்டம் அது.

மூன்று மாதமாக நான் அள்ளுகிறவள். காலி டின்னை, நிறைந்த டின் போல ஒரு பக்கம் சாய்ந்து, மூச்சு வாங்கத் தூக்கிப் போகிறேன். வீட்டில் ஒத்திகை பார்த்தபோது சின்னவள் விழுந்து விழுந்து சிரித்தாள். போன வாரம் டின் கதவில் இடித்து 'டங்'கென்று காட்டிக்கொடுத்துவிட்டது. வாசலில் நின்ற அக்கா சட்டென்று, "பாத்துப் போம்மா, கனம்" என்றார். உள்ளே போய் அழுதேன்.

நான் யாரிடமும் கைநீட்டவில்லை. நீங்களும் தலைகுனிய வேண்டாம்.

உங்கள் வாயாடி

ஏப்ரல் 8

வாயாடி,

உன் கடிதத்தை நாலு தரம் படித்தேன். சாப்பிட்டாயிற்று என்று இங்கே அறையில் இருப்பவர்களிடம் நானும் நடித்துக்கொண்டுதான் இருந்தேன். இப்போது இரும்பு கேட் செய்யும் ஒரு பட்டறையில் பாதிக் கூலிக்குச் சேர்ந்துவிட்டேன். உன் புருஷன் என்று சொல்லிக்கொள்ளப் பெருமையாக இருக்கிறது. பிள்ளைகளைப் பார்க்க வருவேன்.

வெல்டர்

ஆகஸ்ட் 2

அருமை வெல்டருக்கு,

சங்கம் குத்தகைக்கு எடுத்த நிலத்தில், பிந்தி வந்த மழைக்குச் சோளம் நன்றாகவே விளைந்தது. என் பங்கு இரண்டு மூட்டை. சனிக்கிழமை டின்னை வாய்வரை நிரப்பிக்கொண்டு போனேன். நடிக்காமலே உடம்பு சாய்ந்தது. அக்கா பழையபடி, "பாத்துப் போம்மா, கனம்" என்றார். கொட்டிவிட்டு வந்தேன். யாரிடமும் சொல்லக் கூடாது, சொல்லாமலும் இருக்க முடியவில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் வெளியே வரும்போது, எனக்கு அடுத்து வந்தவளின் டின் கதவில் இடித்து 'டங்' என்றது. அவள் முகம் சுண்டிப்போயிற்று. அக்கா அந்த நேரம் பார்த்து வாசலில் இல்லை.

"பாத்துப் போக்கா, கனம்" என்றேன் நான்.

அது யார் என்று கேட்காதீர்கள். உங்களுக்கும் சொல்ல மாட்டேன்.

உங்கள் வாயாடி