அம்மா தள்ளி உட்கார்ந்தாள்

புதன்கிழமை, இரவு

மனநல டாக்டர் மாதம் ஒருமுறை ராமநாதபுரத்திலிருந்து பக்கத்து ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருவார். அம்மா மாத்திரையைத் துப்பிவிடுகிறாள், இரவெல்லாம் தனக்குத்தானே பேசுகிறாள். அவரிடம் இதைச் சொல்லத்தான் நான் கூடப் போனேன்.

வரிசையில் இருக்கும்போது, இறால் கம்பெனியில் என்னோடு வேலை பார்க்கும் ரஹ்மத் வந்தாள். அவள் அக்கா குழந்தைக்குத் தடுப்பூசி.

"ஏய், நீ எங்கடி இங்கன? இது பைத்தியத்துக்குப் பாக்குற வரிசையாச்சே!"

"எனக்குக் காய்ச்சல்டி. அங்கன இடமில்ல, அதான் இங்க உக்காந்தேன்."

"பக்கத்துல யாரு?"

"தெரியாது."

அம்மா எழுந்து அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டாள். பெயரைக் கூப்பிட்டதும் தனியாகவே உள்ளே போனாள். ரஹ்மத் நகரவில்லை, நானும் எழவில்லை. திரைக்குப் பின்னால் பேசியது காதில் விழுந்தது.

"கூட யாரும் வரலையாம்மா?"

"யாருமில்ல டாக்டர். மாத்திரை போடுறேன், நல்லாத் தூங்குறேன்."

டாக்டர் அதே மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிட்டார். இனி அடுத்த மாதம்தான் வருவார்.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்தப் புள்ள மறுபடி கேட்டா, பக்கத்து வீட்டுக்காரின்னு சொல்லிரு ஆத்தா."

நான் சரி என்று தலையாட்டினேன்.