துபாயிலிருந்து கேட்ட கேள்வி

அன்பு வாப்பாவுக்கு,

காலையில் துபாயில் விமானம் மாறும்போது நீங்கள் போன் செய்தீர்கள். உம்மா புதுவாயலுக்குக் கறி வாங்கப் போயிருந்தார். எடுத்தது நான்.

“பானு, இங்க வெளிய நெருப்பா காயுது. உள்ள ஏசியில குந்திகினு கீறேன். சின்னவளுக்கு வாட்ச் வாங்கிகீறேன், சொல்லிடாத. அவ என்னிய மறந்துட்டாளா?”

உம்மா என்றே நினைத்துவிட்டீர்கள். வெட்கத்தில் “ம்” என்றேன்.

“ம்னா இன்னா? மறந்துட்டாளா?” என்று கேட்கும்போதே லைன் போய்விட்டது.

சாயங்காலம் ஏர்போர்ட்டிலும் எனக்குப் பேச வராது. இதைக் கையில் கொடுத்துவிட்டு உம்மாவுக்குப் பின்னால் நின்றுகொள்வேன்.

நீங்கள் பேசுவதற்கு முன் தொண்டையைக் கனைத்தீர்கள். அதிலேயே நீங்கள்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நீங்கள் போகும்போது கீச்சென்று இருந்த என் குரல் இப்போது உம்மா குரலாகிவிட்டது. மறந்தது நான் இல்லை, வாப்பா.

வாட்சைப் பார்த்ததும் ஆச்சரியப்படுவேன். நம்பிவிடுங்கள்.

உங்கள் சின்னவள்