குவாங்சோவில் வாங்கிய லைனிங்

ஆகஸ்ட் 22, 2024, வியாழன். ஆம்பூர்

சீனாவுக்கு நான் மட்டும்தான் போகிறேன். முதலாளியும் நானும் சேர்ந்து போவதாகத்தான் விசா வாங்கியிருந்தோம். ஆனால் ஜியாவுதீன் பாய்க்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி, இன்னும் வாக்கர் பிடித்துத்தான் நடக்கிறார். காலையில் வீட்டுக்குக் கூப்பிட்டு அனுப்பினார்.

"நீ பாத்தா நான் பாத்த மாதிரி, ஜேபி. சோலு, பக்கிளு எல்லாம் உன் இஷ்டம். லைனிங் மட்டும் ஜாக்கிரதை. அந்த ஊர்ல அது ஜாஸ்தி" என்றார்.

அது என்றால் எது என்று எங்கள் ஊர் ஷூ கம்பெனிகளில் யாரும் கேட்கமாட்டார்கள். பன்றித் தோல். ஷூவுக்கு உள்பக்கம் ஒட்டும் லைனிங்குக்கு அங்கே அதை நிறையப் போடுகிறார்கள். மெத்தென்று இருக்கும், விலையும் கம்மி. பாயின் அப்பா காலத்திலிருந்து எங்கள் கேட்டுக்குள் அது வந்ததில்லை. உள்ளே உட்கார்ந்து தைக்கிற பெண்களில் பாதிப் பேருக்கு மேல் தொழுகிறவர்கள்.

"கண்ணக் கட்டிட்டுக் குடுத்தாக்கூட விரலாலயே சொல்லிடுவேன் பாய்" என்றேன். அவருக்கு ஒரே சிரிப்பு.

ராத்திரி ஹேமலதா என் மூக்குக் கண்ணாடியைப் பெட்டியில் வைத்தாள். "கிட்டத்துல இருக்கற எழுத்து தெரியாது. ஆனா போட மாட்டாரு. போட்டா வயசாயிடும்" என்று பெட்டியிடம் சொன்னாள். நாற்பத்தாறு ஏற்கெனவே ஆகிவிட்டது என்பது பெட்டிக்கும் தெரியும்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு. கோலாலம்பூர் விமான நிலையம்

ஹேமா கட்டிக் கொடுத்த புளிச்சோறு தீர்ந்துவிட்டது. சீனா இன்னும் வரவில்லை.

ஆகஸ்ட் 26, திங்கள். குவாங்சோ

தோல் மார்க்கெட் என்றால் நம்ம சென்னைப் பெரியமேடு மாதிரி தெரு என்று நினைத்திருந்தேன். இங்கே அது மாடி மாடியாகக் கட்டடங்கள். ஒவ்வொரு கடையும் நகைக்கடை போலப் பளபளக்கிறது. ஒரு கட்டடம் முடிவதற்குள் குதிகால் வலிக்கிறது.

கூட வந்த ஏஜென்ட் பெயர் லின். சின்னப் பெண், நன்றாக இங்கிலீஷ் பேசுகிறாள். காலையில் ஹோட்டலில் சந்தித்தபோது, "நீங்கள்தான் ஓனரா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் தலையை ஆட்டினேன். அதற்குப் பிறகு போன கடையெல்லாம் 'இண்டியா பாஸ், இண்டியா பாஸ்' என்று நாற்காலி, டீ, விசிட்டிங் கார்டு. இரண்டு கையாலும் கார்டு கொடுக்கிறார்கள். ஆம்பூரில் எனக்கு யாரும் ஒரு கையால் கூடக் கொடுத்ததில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் எழுதுவானேன்.

மூன்றாம் மாடியில் ஒரு கடையில் அந்த லைனிங்கைப் பார்த்தேன். இளம் மணல் நிறம். மேலே நல்ல ஃபினிஷ். கையில் எடுத்தால் வெண்ணெய். எங்களிடம் வாங்குகிற ஜெர்மன்காரன் கேட்கிற ஷூவுக்கு இதைவிட்டால் வேறு கிடையாது என்று தோன்றிவிட்டது. லின், "என்ன தோல் என்று கேட்கட்டுமா?" என்றாள். கடைக்காரர்கள் எல்லாரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். ஒருத்தன் போட்டோ வேறு எடுக்கிறான். பையிலிருந்து கண்ணாடியை எடுக்கப் போன கை, அப்படியே நின்றுவிட்டது. "இருபது வருஷமாகத் தோலோடு இருக்கிறேன், என்னிடம் கேட்க வேண்டுமா?" என்று சிரித்தேன். விரலால் தடவினேன். "ஆடு" என்றேன். லின் மொழிபெயர்த்தாள். கடைக்காரி ஏதோ சொல்லிச் சிரித்தாள். அதை லின் மொழிபெயர்க்கவில்லை, நானும் கேட்கவில்லை.

சாம்பிளுக்கு வேண்டியதை உடனே ஆம்பூருக்கு கூரியர் போடச் சொல்லிவிட்டேன். மொத்த ஆர்டரும் வாய்மொழியாக முடிந்தது. ஒரு துண்டு என் பையில்.

ஆகஸ்ட் 27, செவ்வாய். குவாங்சோ

பாய்க்கு போன் செய்து சொன்னேன். "ஷாபாஷ்" என்றார்.

ஆகஸ்ட் 30, வெள்ளி. வென்சோ

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

இங்கே ஒரு பெரிய ஷூ ஃபேக்டரிக்கு லின் அழைத்துப்போனாள். வரிசையாக மிஷின்கள், சத்தமில்லாமல் வேலை. மேனேஜர் ஒரு ஷூவைக் கொடுத்து, பின்பக்கம் ஒட்டியிருந்த சீட்டில் விலை இருக்கிறது, பாருங்கள் என்றார். எழுத்து பொடி. அங்கே போட்டோ எடுக்க யாரும் இல்லை. கண்ணாடியைப் போட்டேன். விலையைப் பார்த்துவிட்டு, பழக்க தோஷத்தில் உள்ளே லைனிங்கையும் பார்த்தேன். மூன்று மூன்று புள்ளி.

தோல் வேலைக்கு வந்த முதல் மாதமே இதைக் கற்றுக்கொடுத்துவிடுவார்கள். ஆட்டுக்கு முடித்துளைகள் அலை அலையாக வரிசையில் போகும். பன்றிக்கு மூன்று மூன்றாகக் கூடி முக்கோணமாக நிற்கும். பார்த்தவுடன் தெரியும். பார்த்தால்.

நிறம் அதே மணல் நிறம். மேனேஜர் பேசிக்கொண்டே இருந்தார். நான் பையிலிருந்து என் துண்டை எடுத்து வைத்துப் பார்த்தேன். மூன்று. மூன்று. மூன்று.

இன்னா காரியம் பண்ணிட்டேன். கண்ணாடி பைலதான இருந்துது. ஒரு நிமிஷம். எடுத்துப் போட ஒரு நிமிஷம் ஆகுமா? எவனோ எடுக்கற போட்டோவுல நான் இன்னா மாப்பிள்ளையா?

சாயங்காலம் பச்சைப் பலகை போட்ட நூடுல்ஸ் கடைக்குப் போனேன். பாயோடு வெளியூர் போய்ப் போய், ஹலால் கடை தேடுவது எனக்கும் பழக்கமாகிவிட்டது. வெள்ளைக் குல்லா போட்ட பெரியவர் கிண்ணத்தை வைத்துவிட்டு, இண்டியாவா என்று கேட்டுச் சிரித்தார். சாப்பிட முடியவில்லை. கிண்ணத்தை அப்படியே விட்டுவிட்டு வந்தேன். அவர் சமையல்தான் பிடிக்கவில்லை என்று நினைத்திருப்பார்.

ஆகஸ்ட் 31, சனி. வென்சோ

பார்சல் சென்னையைத் தாண்டிவிட்டதாகப் போனில் காட்டுகிறது. இப்போது ஒரு வார்த்தை சொன்னாலும் போதும். சாம்பிள் ரூமில் ரஃபத் ஜஹான்தான் பிரிப்பாள். கம்பெனியில் எந்தப் புது ஷூவும் முதலில் அவள் கையால்தான் தைக்கப்படும். நான் அனுப்பினேன் என்றால் ஏன் எதற்கு என்று கேட்காமல் மிஷினில் ஏற்றுவாள்.

'ரஃபத், பார்சலைப் பிரிக்காதே' என்று அடித்தேன். ஏன் என்று கேட்டால்? அழித்தேன். 'தப்பான தோல் வந்துவிட்டது' என்று அடித்தேன். எப்படித் தப்பு, யார் பார்த்தது? அழித்தேன். கூரியர்காரர்கள் ஒரு வாரம் இழுத்தடிப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மற்ற நேரமெல்லாம் அவர்களைத் திட்டுகிறவன்.

செப்டம்பர் 2, திங்கள். ஷாங்காய்

ஆற்றங்கரையில் நின்றுகொண்டிருந்தேன். எதிர்க்கரையில் அந்தப் புகழ்பெற்ற கட்டடங்கள், சுற்றிலும் குடும்பம் குடும்பமாகப் போட்டோ எடுக்கும் ஜனங்கள். ரஃபத்திடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"அண்ணா, சாம்பிள் முடிச்சிட்டேன். லைனிங் இன்னா சாஃப்ட்டுண்ணா! ஊசி தானா போவுது. பாய் வீட்டுக்குக் குடுத்தனுப்பினேன், அவரும் தடவிப் பாத்துட்டு மாஷா அல்லாஹ்ன்னாராம். நீங்க போனதே போதும்னாராம்."

மூன்று தடவை கேட்டேன். அவள் நூலை உதட்டில் ஈரப்படுத்தி ஊசியில் கோப்பவள். முடிச்சுப் போட்டதும் பல்லால் கடித்து அறுப்பாள். கத்தரிக்கோல் எதற்கு இருக்கிறது என்று நானே எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறேன்.

பதிலுக்குக் கட்டைவிரல் படத்தை அனுப்பினேன். வாழ்க்கையில் நான் செய்த கேவலமான காரியம் எது என்று யாராவது கேட்டால் இனி யோசிக்கவே வேண்டாம்.

செப்டம்பர் 3, செவ்வாய். ஷாங்காய்

இங்கே நடக்கும் தோல் கண்காட்சியில் வேறு கடையில் நிஜமான ஆட்டு லைனிங் எடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, பின்பக்கம் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்து. குவாங்சோ ஆர்டரை வேண்டாம் என்று லின்னிடம் சொன்னேன். காரணம் கேட்டாள். கலர் ஒரே மாதிரி வராது என்றேன். பாயிடமும் அதையேதான் சொன்னேன். "நீ சொன்னா சரி" என்றார்.

ஆக, இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. நிம்மதியாக இருக்க வேண்டுமே, ஏன் இல்லை?

லின் இன்றும் 'பாஸ்' என்றுதான் கூப்பிட்டாள். நான் ஓனர் இல்லை, வேலை செய்கிறவன் என்று சொல்லிவிட்டேன். "தெரியும், விசா கடிதத்தில் பார்த்தேன்" என்றாள்.

செப்டம்பர் 9, திங்கள். ஆம்பூர்

பாயைப் பார்க்கப் போனேன். வாசலுக்கே வந்து நின்றார், வாக்கர் இல்லாமல், கைத்தடியோடு. காலில் அந்த ஷூ.

இது எனக்கு எப்படி மறந்துபோனது! எங்கள் கம்பெனியில் ஆண்கள் ஷூவுக்கு ஃபிட்டிங் பார்க்கிற கால் அவருடைய கால்தான். சாம்பிள் போடுகிற அளவும் அவர் கால் அளவும் ஒன்று. எந்த மாடலானாலும் முதல் ஜோடி அவர் காலுக்குத்தான் போகும். போட்டு நடந்து பார்த்து, எங்கே கடிக்கிறது என்று சொல்வார். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

"ஆபரேஷனுக்கு அப்பறம் கால் வீங்கி எந்தச் செருப்பும் ஏறல ஜேபி. இது ஒண்ணுதான் ஏறுது. கழட்ட மனசே வரல" என்றார். சீனாவிலிருந்து ஏதாவது வாங்கி வந்தாயா என்று கேட்டார். டீத்தூள் பாக்கெட்டைக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். காய்ச்சலா என்று பாய் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கம்பெனிக்குப் போனால், சாம்பிள் ரூமில் ரஃபத்தும் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

செப்டம்பர் 11, புதன்

இன்றும் சொல்லவில்லை. ஹேமாவிடம் சொன்னேன். "என்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்?" என்றாள்.

செப்டம்பர் 13, வெள்ளி

டிரைவர் லீவு. ஜும்மாவுக்குக் கூட்டிப்போக பாய் என்னைக் கூப்பிட்டார். ஆபரேஷனுக்குப் பிறகு முதல் ஜும்மா. புது ஜிப்பா, அத்தர். காலில் அது.

பள்ளிவாசல் படியில் அவரால் குனிய முடியவில்லை. நான் உட்கார்ந்து லேஸை அவிழ்த்துக் கழற்றினேன். பெரிய மனுஷர் ஒருத்தர் "இப்பிடி ஒருத்தர் கூட இருக்கணும் சாப்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் வெயிலில் அந்த ஷூவுக்குப் பக்கத்தில் நின்றேன். உள்ளே ஓதுகிற சத்தம். அவர் வெளியே வந்ததும் திரும்ப உட்கார்ந்து லேஸைக் கட்டினேன். கட்டும்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கார் ஹைவே சர்வீஸ் ரோட்டில் திரும்பியதும், என்னையறியாமல் ஓரமாக நிறுத்திவிட்டேன்.

"பாய், அந்த லைனிங் ஆடு இல்ல."

அவர் கதவைத் திறந்து காலை வெளியே நீட்டினார். நான் இறங்கி ஓடினேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். கைத்தடியின் முனையாலேயே ஒவ்வொன்றாகத் தள்ளிக் கழற்றினார். காரில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துக் காலில் ஊற்றிக்கொண்டார். ரொம்ப நேரம் ஊற்றினார்.

"எப்ப தெரிஞ்சுது?"

"வென்சோல."

"போன் இருந்துதே."

"இருந்துது பாய்."

லாரிகள் போய்க்கொண்டிருந்தன. பிறகு மெதுவாகச் சொன்னார்: "தெரியாம போட்டது எனக்கு ஒண்ணும் இல்ல. கழுவினாப் போச்சு. உனக்கும் தெரியாம வாங்கினவரைக்கும் ஒண்ணும் இல்ல. இப்பக் குனிஞ்சு லேஸ் கட்டி உட்டியே ஜேபி. எப்பிடிடா கட்டின?"

அழுதேன். அவர் சமாதானம் சொல்லவில்லை. வீடு வந்ததும் வெறுங்காலோடு இறங்கி, "ரஃபத் கிட்ட நீயே சொல்லு. வேற ஆளு மூலமா அவ காதுக்குப் போகக் கூடாது" என்றார்.

செப்டம்பர் 14, சனி

சொல்லிவிட்டேன். சாப்பாட்டு நேரம், சாம்பிள் ரூமில் அவள் மட்டும் இருந்தாள். டிபன் பாக்ஸைத் திறந்தவள் மூடினாள். தன் கை இரண்டையும் பார்த்தாள். புறங்கையால் உதட்டைத் துடைத்தாள்.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் மெசேஜ் போட்டப்ப உங்களுக்குத் தெரியுமாண்ணா?"

"தெரியும்."

"அப்ப எதுக்குண்ணா கட்டைவிரலு போட்டீங்க?"

அவ்வளவுதான் கேட்டாள். எழுந்து குழாயடிக்குப் போனாள். தண்ணீர் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் போய்விட்ட பிறகுதான் திரும்பி வந்தாள் என்று நினைக்கிறேன்.

செப்டம்பர் 20, வெள்ளி

வேலையை விட்டுவிடட்டுமா என்று பாயிடம் கேட்டேன். "ஓடிப்போறதுக்கு இப்ப இன்னா அவசரம்?" என்றார். ரஃபத் தைத்ததில் ஜெர்மனிக்குச் சாம்பிளாகப் போன ஜோடியைத் திரும்ப வரவழைக்கச் சொன்னார். டிரைவர் இன்றும் லீவு, ஆனால் ஜும்மாவுக்கு எனக்குக் கார் சாவி கொடுக்கவில்லை. கம்பெனிப் பையன் முஸம்மில் ஓட்டிக்கொண்டு போனான்.

அக்டோபர் 8, செவ்வாய்

ஷாங்காயில் எடுத்த ஆட்டு லைனிங் இன்று வந்து சேர்ந்தது. சாம்பிள் ரூமில் நானே பிரித்தேன். கண்ணாடி போட்டிருந்தேன். இப்போதெல்லாம் கழற்றுவதே இல்லை, கழுத்தில் கயிறு போட்டுத் தொங்கவிட்டிருக்கிறேன். ஒவ்வொரு தோலாக ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லை.

ரஃபத்தின் மேஜையில் கொண்டுபோய் வைத்தேன். "ஆடு. பாத்துட்டேன்" என்றேன்.

"சரிண்ணா" என்றாள். குரலில் கோபம் எதுவும் இல்லை. பழையபடி மரியாதைதான். மிஷின் டிராயரைத் திறந்து ஒரு லென்ஸை எடுத்தாள். ஸ்டேஷனரி கடையில் பிள்ளைகளுக்கு வாங்குவார்களே, பிளாஸ்டிக் பிடி போட்டது, அது. தோலை எடுத்துக்கொண்டு அதே ஜன்னலுக்குப் போனாள்.

அவள் பார்த்து முடிக்கிறவரை நான் மேஜைக்குப் பக்கத்திலேயே நின்றேன்.