நிறைத்துக் காட்டிய கிணறு

பிப்ரவரி 14, திங்கள்

விடியலில் பனி, எட்டு மணிக்கே சுள்ளென்று வெயில். ஜாகை உசிலம்பட்டி சர்க்கார் பங்களா. அங்கிருந்து ஊருக்குச் சைக்கிளில் நாலு மைல். கொண்டு வந்தவை: இரும்பு டேப், சாக்கட்டி, குடை, மலேரியாவுக்குக் கொய்னா மாத்திரை, வீட்டில் கட்டித் தந்த எலுமிச்சை ஊறுகாய். மறந்தது: சீப்பு.

வேலை இது. கருப்பையா என்பவர் தன் தோட்டக் கிணற்றில் ஆயில் எஞ்சின் வைத்து இறைக்கிறார். இரண்டாவது எஞ்சினுக்கு அனுமதி கேட்கிறார். வந்தால் குடிக்கத் தண்ணீர் இருக்காது என்று தெருக்காரர்கள் மனு. எஞ்சின் கிணறு (எ.கி.) இறைத்தால் தெருக் கிணறு (தெ.கி.) இறங்குகிறதா? மூன்று நாளில் ரிப்போர்ட். ஒழுங்காக முடித்தால் பெர்மனென்ட் லிஸ்டில் என் பெயர் என்றார் சூப்பர்வைசர். ஏழு வருஷமாக டெம்பரரி ஓவர்சியர் நான்.

எட்டரைக்குத் தெ.கி. போய்ச் சேர்ந்தேன். தினமும் விடிகாலையிலிருந்து எட்டு மணி வரை எஞ்சின் ஓடும் என்றார் கருப்பையா. சரியான நேரத்துக்குத்தான் வந்திருக்கிறேன், தண்ணீர் இறங்கியிருந்தால் இப்போது தெரியும்.

டேப் நுனியில் சாக்கட்டி தடவி இறக்கினால் நனைந்த இடம் கறுக்கும். மேலே கல்லில் நான் வெட்டிய குறியிலிருந்து 31 அடி 4 அங்குலம். எத்தனை கிணறு அளந்தாலும் டேப் மேலே வரும்போது நெஞ்சு கொஞ்சம் அடித்துக்கொள்கிறது. சின்னப்பிள்ளைத்தனம்.

15, செவ்வாய்

காலை, மதியம், மாலை அதே 31-4. முடியளவு வித்தியாசம் இல்லை. இரண்டு கிணற்றுக்கும் இடையே நடந்து பார்த்தேன், நூற்றைம்பது தப்படி. இவ்வளவு பக்கத்தில் இருந்தும் ஒன்றுக்கு ஒன்று தெரியாமலா கிடக்கின்றன? பாறை அப்படி அடைத்திருக்க வேண்டும்.

தண்ணீர் எடுக்க வந்த பேச்சியம்மாள் (மனுவில் முதல் கைநாட்டு இவளுடையது) சாக்கட்டி தடவுவதைப் பார்த்து, "கெணத்துக்குச் சுண்ணாம்பு தடவுறீகளே, வெத்தலையும் கொண்டாரவா ராவுத்தரய்யா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், நானும். போகும்போது, "இன்னும் நாலு நாளு இருந்துட்டுப் போங்கய்யா. நீங்க இருந்தா தண்ணி கெடக்கு" என்றாள்.

என் கால் ராசி அப்படி. வீட்டில் சொன்னால் நம்ப மாட்டாள்.

16, புதன்

31-4. தொடர்பு இல்லை. ஊறுகாய் தீர்ந்தது.

17, வியாழன்

தல்லாகுளம் ஆபீஸ். ரிப்போர்ட் கொடுத்தாயிற்று. 'எ.கி. இறைப்பினால் தெ.கி.க்குப் பாதகம் இல்லை.' சூப்பர்வைசருக்குத் திருப்தி. அனுமதிக் கடிதம் திங்கட்கிழமை போகுமாம். லிஸ்ட் இந்த மாதக் கடைசியில்.

சாயங்காலம் டேப்பைக் காணோம். அந்த ஊர்ச் சாவடியிலேயே விட்டுவிட்டேன். ஆபீஸ் நம்பர் போட்ட டேப். யாருக்கும் தெரியாமல் எடுத்து வர வேண்டும்.

20, ஞாயிறு

நேற்றே உசிலம்பட்டி வந்து மச்சான் வீட்டில் தங்கல். விடிந்ததும் சைக்கிள். ஊர் எல்லையிலேயே கேட்டது: டொப், டொப், டொப்.

மூன்று நாள் இருந்தேன், இந்தச் சத்தத்தை ஒரு தடவை கூடக் கேட்கவில்லை. நான் வருவதற்குள் ஓடி நின்றுவிட்டது என்று நினைத்தேனே தவிர, ஓடிற்றா என்று பார்க்கவில்லை.

தோட்டத்துக்குப் போனேன். கருப்பையா ஓடி வந்து இளநீர் வெட்டினார். அந்த மூன்று நாளும் ஓட்டினீர்களா என்று கேட்டதற்கு, நான் அதை மெச்சுவேன் என்ற முகத்தோடு சொன்னார்: "ஓட்டுவமா? சர்க்கார்ல இருந்து தண்ணி பாக்க வாரவுகளுக்கு நெறகுடமாக் காட்டாம, கொறகுடமாவா காட்டுறது? கத்திரி வாடுனாலும் பரவாயில்லன்னு நிறுத்திப்புட்டேன்."

எனக்காகக் கத்திரியை வாடவிட்டவரை என்ன சொல்லித் திட்டுவது.

நிறுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சாவடியில் கிடந்த டேப்பை எடுத்துக்கொண்டு தெ.கி.க்கு ஓடினேன். சட்டைப்பையில் சாக்கட்டி எப்போதும் உண்டு. கால் மணிக்கு ஒரு அளவு.
6½: 32-5
6¾: 32-8
7: 32-10
எட்டு மணிக்கு 33-3. எஞ்சின் நின்றது. பத்து நிமிஷம் கழித்துத் தண்ணீரும் இறங்குவதை நிறுத்தியது. அப்புறம் ஏற ஆரம்பித்தது. என்ன அழகு! பாறைக்கு அடியில் எங்கோ வழி இருக்கிறது. அதைக் கண்ணால் பார்த்த மாதிரி இருந்தது. சாப்பிட மறந்து மதியம் வரை அளந்துகொண்டே இருந்தேன். ரிப்போர்ட் ஞாபகம் வந்தது பன்னிரண்டு மணிக்குத்தான்.

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று பேச்சியம்மாளிடம் கேட்டேன். குடத்தை இறக்கி வைத்தாள். "நீங்க வந்தா நிக்கிது, போனா ஓடுது. அளக்குறவுகளுக்குத் தெரியாமயா இருக்கும்னு நெனச்சேன்யா."

வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

21, திங்கள்

முதல் வேலையாகப் புது அளவுகளோடு கடிதம். 'என் முந்தைய ரிப்போர்ட் தவறு. எஞ்சின் ஓடுகிறதா என்று நான் சரிபார்க்கவில்லை.' இரண்டே வரி. நாலு காகிதம் கிழித்தேன்.

சூப்பர்வைசர் படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார். கோபப்படவில்லை, அதுதான் கஷ்டம். இது மேலே போனால் லிஸ்டில் என் பெயர் போகாது என்றார். அனுமதிக் கடிதத்தையும் இதையும் வெள்ளி சாயங்காலம் ஐந்து வரை மேஜையில் வைத்திருப்பாராம். அப்போதும் என் கடிதம் இருந்தால் அது மேலே போகும், இல்லாவிட்டால் அனுமதி போகும். "வேணும்னா வந்து உன் காயிதத்த எடுத்துக்க. நான் பாக்கல."

வீட்டில் சொன்னேன். அவள் தட்டில் இன்னொரு இடியாப்பம் வைத்தாள்.

24, வியாழன்

காற்று. தூசி. ஆபீசில் அந்த மேஜைப் பக்கமே போகவில்லை. ஒரு யோசனை: மஞ்சள் சாயம் கரைத்து எ.கி.யில் விட்டால் தெ.கி.யில் எத்தனை நாளில் வரும்? குடிக்கிற தண்ணீர், வேண்டாம். உப்பு?

25, வெள்ளி

ஜும்மா முடிந்து நேராக ஆபீஸ். நாலே முக்காலுக்கு அறையில் யாரும் இல்லை. காகிதம் அங்கேயேதான் இருந்தது, மேலே கண்ணாடிக் குண்டு வைத்து. என் கையெழுத்து தெரிந்தது.

ஐந்து அடித்தது. கையைக் கட்டிக்கொண்டே நின்றேன்.