ரோதமுனிக் கல்லின் கடைசிக் கட்டம்

1981 மே 28, வியாழன்

மழை இல்லை. மழைப் புத்தகத்தில் சுழி போட்டேன். பெக்டரியில் தேயிலைக் கொழுந்து குறைவு, தோட்டத் தொரைக்கு வாய் கூடுதல்.

வீட்டுக்கு வந்தால் பொண்டாட்டி றோசலின் ஒரு மாதிரி இருக்கிறாள். மலைத் தண்ணீர் விழும் பீலியில் குடம் பிடிக்கும்போது உடம்பெல்லாம் மண்ணோடு ஒரு ஆள் வந்து பேசினானாம். என்ன பேசினான் என்று கேட்டால், "பைத்தியக்காரன், விடுங்க" என்கிறாள். ஆனால் சோறு போடும்போது என் கையைப் பிடித்து ஒவ்வொரு நகமாகப் பார்த்தாள். "நீங்க இன்னிக்கு எங்கயும் போகலியே?"

பெக்டரி கிளாக்கர் எங்கே போவது? எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

ஜூன் 8, திங்கள்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன்.

பழைய வெள்ளைக்காரத் தொரை பங்களாவில் விட்டுப்போன வட்டக் கல்லை, சக்கரம் போல இருக்கிறதே என்று நம் ஆட்கள் பெக்டரிக்குத் தூக்கி வந்து ரோதமுனி ஆக்கிவிட்டார்கள். மெசினைக் காக்கும் சாமி சுற்ற வேண்டாமா என்று கொழுந்து உருட்டும் பழைய ரோலர்த் தண்டில் மாட்டியும் வைத்தார்கள். ஆறு வருசமாகச் சூடம் காட்டியதோடு சரி, எண்ணெய்ப் பிசுக்கில் இறுகிக் கிடந்தது. இன்று ரோலர்காரன் வீரய்யா அதைத் துடைத்து, கிரீஸ் போட்டு, சூடம் கொளுத்திவிட்டு வலப்பக்கம் திருப்பினான்.

ஆளைக் காணோம். அவன் போட்ட தீக்குச்சி அணைவதற்குள் அதே இடத்தில் நிற்கிறான் — இடுப்பு வரை சேறு.

"மூணாம் லயம் இல்லீங்கய்யா. மலை எறங்கிருச்சு. சனம் மேட்டுல நின்னு அழுவுது. பயந்துபோயி கல்ல இந்தப் பக்கம் திருப்பினேன், வந்துட்டேன்."

எந்தத் தேதி என்று கேட்டேன். "யாருய்யா தேதி பாத்தா?" என்று குழந்தை மாதிரி அழுதான். மூணாம் லயத்தில் வரிசையாகப் பன்னிரண்டு வீடு. அதில் ஒன்று றோசலினின் அக்கா ஜோசப்பின் வீடு.

மழை இரண்டு அங்குலம்.

ஜூன் 11

பங்களாப் பெட்டியில் அந்த வெள்ளைக்காரத் தொரையின் தாள் ஒன்று கிடைத்தது. இங்கே வருமுன் அவர் குவாத்தமாலா நாட்டில் கோப்பித் தோட்டம் பார்த்தவராம். அங்கே காட்டுக்குள் எடுத்த கல் இது. மாயா என்ற பழைய சனம் செதுக்கியது. புள்ளி என்றால் ஒன்று, கோடு என்றால் ஐந்து, சிப்பி என்றால் சுழி. வெளி வட்டத்தில் கடைசி மழைகள், நாளுக்கு ஒரு கட்டம். கடைசிக் கட்டம் நிரம்பும் நாளில் மலை இறங்கும்.

கல்லைத் தொடாமல் லாம்பு பிடித்துப் பார்த்தேன். ஒன்பது கட்டம். முதல் நாலும்: இரண்டு, சுழி, மூன்று, ஒன்று. திங்கள் முதல் இன்று வரை என் மழைப் புத்தகமும் அதேதான். யேசுவே! மிச்சம் — நாலு, இரண்டு, ஆறு, ஏழு, பன்னிரண்டு. பன்னிரண்டு வருவது பதினாறாம் தேதி.

ஜூன் 12

நாலு அங்குலம். வேறு என்ன எழுத?

ஜூன் 13

இரண்டு. தொரையிடம் போய் லயத்துச் சனத்தை மாற்றச் சொன்னேன். "கிளாக்கர், நீ குடிக்கிறதா?" என்றார். என் வேலையைப் பார்க்கச் சொல்லி அனுப்பிவிட்டார்.

ஜூன் 14

ஆறு. மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டு வந்து பொய் சொன்னேன். ரோதமுனி என் கனவில் வந்ததாம். செவ்வாய்க்கிழமை மூணாம் லயத்துச் சனம் ஒரு ஆள் மிச்சமில்லாமல் பெக்டரி மேட்டில் பொங்க வேண்டுமாம். மூணாம் லயத்து ராக்காயி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "வேதக்காரவுகளுக்கே வந்து சொல்லியிருக்குன்னா சும்மாவா! நாங்க எல்லாரும் வந்துருவோம்."

அட மடையா — ஜோசப்பினும் எங்களைப் போல யேசுவைக் கும்பிடும் வேதக்காரிதானே. அவள் எப்படி வருவாள்?

ஜூன் 15

ஏழு. றோசலினிடம் கெஞ்சினேன். அக்காவையும் கூட்டிக்கொண்டு மேட்டுக்கு வா என்றேன். "கல்லுக்குப் பொங்க நான் வரல. விடிஞ்சதும் பவுலினைத் தூக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போறேன்" என்றாள். என் முகத்தைப் பார்க்காமலே பேசினாள். வீரய்யா பார்த்ததை எல்லாம் சொன்னேன். அப்படியும் அசையவில்லை. ஆனால் அழுதுகொண்டே மகள் பவுலினின் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையையும் சப்பாத்தையும் எடுத்து வைத்தாள். அஞ்சு வயதுப் பிள்ளைக்கு லயத்துக்குப் போகக் காலில் சப்பாத்து எதற்கு?

ஜூன் 16

பன்னிரண்டு.

சனம் மேட்டுக்கு வந்தது. எண்ணினேன். ஜோசப்பின் வீடு மட்டும் வரவில்லை, றோசலினும் பிள்ளையும் அங்கேதான். அவர்களைக் கூட்டி வர மூன்று மணிக்குப் படியில் இறங்கி ஓடினேன். பாதி வழியில் மலை அப்படியே —

ஜூன் 18

இரண்டு நாள் தோண்டினேன். நகமெல்லாம் போய்விட்டது. சட்டி வருகிறது, பாய் வருகிறது. என் பொண்டாட்டி பிள்ளை வரவில்லை. ரோட்டும் உடைந்து கிடக்கிறது, உதவிக்கு ஒருவரும் வரவில்லை. லயத்துச் சனம் என் காலில் விழுந்து கும்பிடுகிறது. போங்கடி, கும்பிடாதீங்க! எல்லாரையும் காப்பாத்தி என் வீட்டை நானே கொளுத்திட்டேனே!

வீரய்யா வலப்பக்கம் திருப்பி முன்னால் போனான். இடப்பக்கம் திருப்பினால்? இந்தப் புத்தகம் பையில் இருக்கிறது. போகிறேன்.

மே 28, மறுபடியும்

எத்தனை கட்டம் திருப்பினேன் என்று தெரியாது. பெக்டரிக் காலண்டரில் மே 28. பீலியில் றோசலின் தனியாக நின்றாள். உயிரோடு. கத்தப் போனவள் என் கண்ணைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். எல்லாம் சொன்னேன். பதினாறாம் தேதி முதல் பஸ்ஸில் அக்கா வீட்டாரையும் கூட்டிக்கொண்டு கினிகத்தேனை டவுனுக்கு வா என்றேன்.

"உங்ககிட்ட... வீட்டுல இருக்குற உங்ககிட்ட சொல்லட்டா?"

"சொல்லிராத. நீ செத்துட்டன்னு நெனச்சாத்தான் அவன் கல்லத் திருப்புவான். திருப்பலன்னா ஒனக்கு இப்ப யாரு வந்து சொல்லுறது?"

"அந்த மனுசன் தாங்குவாரா?"

அவள் குடத்தை வாங்கிப் பீலியில் வைத்தேன். அப்போதுதான் அவள் நகம் போன என் விரல்களைப் பார்த்தாள்.

ஜூன் 16, கினிகத்தேனை

மூன்று வாரமாக ஒரு சிங்களவரின் தேத்தண்ணிக் கடையில் கோப்பை கழுவுகிறேன். தாடி வளர்ந்துவிட்டது. ராத்திரியெல்லாம் ஒரே பயம்: என் பேச்சை நம்பினாளா? பைத்தியக்காரன் என்றுதானே சொன்னாள்?

முதல் பஸ் வந்தது. அவர்கள் இல்லை. கையிலிருந்த கோப்பையைப் போட்டு உடைத்தேன். முதலாளி திட்டினார். பதினொரு மணிக்கு அடுத்த பஸ். ஜோசப்பினும் புருசனும் இறங்கினார்கள், பிறகு குடையோடு றோசலின், பிறகு சப்பாத்துப் போட்ட பவுலின். முதல் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லையாம். அவ்வளவுதான் விசயம்.

பவுலினுக்கு என்னை அடையாளம் தெரியக் கொஞ்ச நேரம் ஆனது. தாடியைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு மடியில் ஏறிக்கொண்டாள். றோசலின் மலைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். "காலையில ஆசையா வழியனுப்பக்கூட இல்ல, அவரை" என்றாள்.

இப்போது கடைக் கடிகாரத்தில் மூன்று மணி. அவன் படியில் இறங்கி ஓடத் தொடங்கியிருப்பான். பவுலின் பணிஸில் பாதியைப் பிய்த்து என் வாயில் வைத்தாள். தின்றேன்.