ஊருக்கு வாரிக் கொடுத்த பிரஷர் மாத்திரை

மாமா,

அக்காவின் பெட்டியைத் திறந்ததும் தைல வாசனை மூக்கில் ஏறியது. பெட்டி நிறையத் தைலப் புட்டி, பிஸ்கட், சோப்பு, எல்லாம் உங்கள் சொந்தக்காரர்களுக்கு. உங்கள் தங்கச்சி மகன் கல்யாணத்துக்காக மலேசியாவிலிருந்து தஞ்சாவூர் பக்கம் போகிறாள். உங்கள் மேல் இருந்த கோபம் ஆறிவிட்டது என்று நினைத்திருந்தேன். ஆறவில்லை. செத்தவரைத் திட்டக் கூடாது என்பார்கள். நான் திட்டத்தான் எழுதுகிறேன்.

எங்கள் யோங் பெங் ஊரில் என்னைக் கேட்காமல் ஒருத்தரும் வெளிநாட்டுக்குப் பெட்டி கட்டியதில்லை. ஆறாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால் எஸ்டேட் ஆஸ்பத்திரி டிரஸ்ஸருக்கு மருந்துப் பெட்டி தூக்கியே பாதி டாக்டர் ஆனவன். நான் ஏறிய விமானங்களில் பைலட்டே வந்து நலம் விசாரித்துவிட்டுப் போவார். அப்படிப்பட்ட நான், அக்காவோடு நாம் மூன்று பேரும் ஊருக்குக் கிளம்பியபோது, ஸ்கூடாயில் உங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து படித்துப் படித்துச் சொன்னேன். பிரஷர் மாத்திரையைப் பெரிய பெட்டியில் போடாதீர்கள், பெட்டி வராமல் போனால் கதை முடிந்தது, கைப்பையில் வையுங்கள் என்றேன். தங்குகிற நாளுக்கு மேலேயே கொஞ்சம் எடுங்கள், கிளினிக்கில் மருந்தின் பேரை எழுதி வாங்குங்கள் என்றேன். விமானத்தில் மரம் மாதிரி உட்காராமல் எழுந்து நடங்கள். ஊரில் மூடி உடைக்காத புட்டித் தண்ணீர்தான்.

நீங்கள் சிரித்தீர்கள். "நான் என்ன நிலாவுக்கா போறேன் மாப்ள? என் சொந்த ஊருக்குப் போறேன் லா!"

ஊரில் இறங்கியதும் பெரிய மனுசன் வேஷம். உங்கள் சித்தப்பா தலை சுற்றுகிறது என்றார். உங்கள் பிரஷர் மாத்திரையில் ஒரு அட்டையை எடுத்து நீட்டினீர்கள். "மலேசியா மாத்திரை சித்தப்பா, ஒண்ணு போட்டா எழுந்து ஓடுவீங்க." பக்கத்து வீட்டம்மாவுக்குக் கால் வலி. அதற்கும் அதே மாத்திரை! கால் வலிக்குப் பிரஷர் மாத்திரை கொடுத்த ஆள் உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான். நான் கையைப் பிடித்தேன். "அலமாக், ஏன் மாப்ள மானத்தை வாங்குற? திரும்பிப் போனா கிளினிக்ல சும்மா கொடுக்கிறான்" என்றீர்கள், அத்தனை பேர் முன்னால்.

மாத்திரை தீர்ந்தது. மருந்துக்கடை நடக்கிற தூரம்தான். ஆனால் மலேசியாக்காரன் மருந்துக்கு அலைகிறான் என்று ஊர் பேசிவிடுமே! எங்களிடம்கூட வாயைத் திறக்கவில்லை.

கோயிலுக்குக் கிளம்பிய காலையில், செருப்பு மாட்டக் குனிந்த நீங்கள் நிமிரவில்லை. என்ன மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். நான் பேசிய இங்கிலீஷில் அந்த டாக்டரே எழுந்து நின்றுவிட்டார். ஆனால் என் இங்கிலீஷிலும் மருந்தின் பேர் இல்லை. "வெள்ளை, சின்னது" என்றுதான் சொல்ல முடிந்தது. சாயங்காலம் போய்ச் சேர்ந்தீர்கள். உங்கள் மாத்திரையை விழுங்கிய சித்தப்பா, "இப்படித் தாராள மனசு யாருக்கு வரும்" என்று உங்கள் காலடியில் அழுதார். அவர் சட்டையைப் பிடித்து உலுக்கலாம் போலிருந்தது. உங்களையும்தான்.

இன்றைக்கு அக்கா தன் சர்க்கரை மாத்திரையில் இரண்டு அட்டையைத் தனியாக எடுத்து வைத்தாள்.

"இது எதுக்கு?"

"சித்தப்பா போன்ல கேட்டாரு தம்பி. உங்க மாமா கொடுத்துப் பழக்கினது. நான் இல்லன்னு சொன்னா அவர் பேரு என்னாவும்?"

"பேரா? அந்தப் பேரை வச்சுக்கிட்டு அவர் வீடு வந்து சேர்ந்தாரா?"

அழுதுவிட்டாள். அழுதுகொண்டே, "நேர்ல கேட்டா எனக்கு மறுக்கத் தெரியாது தம்பி" என்றாள். அவள் மேல் என்ன தப்பு? இத்தனை வருசம் உங்களோடு குடித்தனம் செய்தவள்.

நானும் டிக்கெட் போட்டுவிட்டேன். ஒரு இடுப்புப் பை வாங்கியிருக்கிறேன். அவள் மாத்திரை அத்தனையும் அதில்தான் இருக்கும், அது என் இடுப்பில்தான் இருக்கும். வேளாவேளைக்கு என் கையால் எடுத்துக் கொடுப்பேன். யார் கை நீட்டினாலும், டாக்டரிடம் கூட்டிப் போகிறேன் வாங்க என்பேன், பையைத் திறக்க மாட்டேன். ஊரே கூடி என்னைக் கஞ்சப்பயல் என்று திட்டட்டும். உங்கள் நல்ல பேரில் எனக்குப் பங்கு வேண்டாம் மாமா. நான் அக்காவைத் திரும்பக் கூட்டி வரப் போகிறேன்.