வளிமுந்திக்கு வழிவிடாத தெரு

நன்று விளைக. மலைக்கென்றும் கடலுக்கென்றும் வேறுபாடு பாராது மழை பொழிக. முத்தும் உப்பும் ஈனும் நெய்தல்வாயில் நாட்டின் காவலர், அலைவாய்க் கோட்டையின் உடையார், மரக்கலத்தார் யாவர்க்கும் தாய்நிகர் அரசி பொன்னிலங்கோதையார் திருவாய் மலர்ந்தருள, அவர்தம் ஓலைநாயகம் மாதேவன் எழுத்தாணி பிடித்து எழுதிய ஓலை.

குன்றகத்து வேந்தர், புரவிச் செல்வர், தேர்த்தச்சர் குலங்களைப் புரந்தருளும் பெருவிறலர் திருமுன் இது சேர்க. தங்கள் கோட்டமும் ஆநிரையும், தங்கள் சாரலின் தினைப்புனமும் சுனைநீரும் குறைவின்றி வாழ்க என எம் அரசியார் வாழ்த்துகின்றார். வாழ்த்துவதில் அவருக்குத் தயக்கம் ஏதுமில்லை. ஆயினும் தாங்கள் விடுத்த ஓலையில் தண்டமாகக் கேட்டிருக்கும் இரண்டும் தரப்படமாட்டா. திரைக்கூத்தாடும் சேந்தியின் வலக்கையும் தரப்படமாட்டாது; தங்கள் தேரை விட்டு இறங்கிவந்த பாகன் கொற்றனும் தரப்படமாட்டான். மறுமொழியை முதலில் உரைத்துவிட்டுக் காரணத்தைப் பின்னர் விரிக்குமாறு எமக்கு ஆணை. தங்கள் தூதர் வயிரமேகர் நடந்ததைத் தமக்கு ஏற்றபடி உரைத்திருப்பார். எம் நகரம் கண்டது இது. பேசியவர் பேச்சை அவரவர் வாய்மொழியிலேயே எழுதுக என்பதும் அரசியார் விருப்பம். ஓலைக்கு ஒவ்வாத சொல் தென்படின் பொறுத்தருள்க.

சேந்தி என்பவள் எம் நகரின் திரைக்கூத்தாசிரியை. வெண்திரைக்குப் பின்னே விளக்கேற்றி, தோலில் வெட்டிய பாவைகளை இரு கையாலும் ஆட்டி, ஆணும் பெண்ணும் குதிரையும் கடலுமாகத் தன் ஒரு குரலிலேயே பேசுபவள். அவள் திரையில் காட்டிய சரக்கு மறுநாள் அங்காடியில் மிஞ்சுவதில்லை. ஒருமுறை அக்கரையிலிருந்து வந்த சாயக்குடை ஒன்றை ஒரு கிழவன் பாவையின் கையில் பிடித்துக் காட்டினாள். அந்த மழைக்காலம் முழுதும் நகரில் குடையில்லாத தலையைக் காண்பது அரிதாயிற்று.

இதைக் கேள்வியுற்றே வயிரமேகர் அவளைத் தேடி வந்தார். தங்கள் தச்சர் புதிதாகச் சமைத்த வளிமுந்தி என்னும் விரைதேரை நாடறியச் செய்ய வேண்டும் என்றும், கடலாட்டுப் பெருநாளின் அந்திப்பொழுதில், பல நாட்டுச் சிற்றரசரும் செல்வர் மக்களும் கூடியிருக்கும் வேளையில், அதன் புகழைத் திரையில் ஏற்ற வேண்டும் என்றும் கேட்டார். கூத்து நடைபெறும் என்று எம் அரசியாரும் அவருக்கு வாக்களித்தார்.

ஏறிப் பாராத தேரைத் தன்னால் பாட இயலாது என்றாள் சேந்தி. ஆகவே கொற்றன் அவளை ஏற்றிக்கொண்டு உப்பளத்துக்கு அப்பாலுள்ள வெளியில் தேரை விட்டான். வேந்தே, தங்கள் தச்சரின் கைத்திறனை எம் அரசியார் குறைத்துரைக்கவில்லை. அந்தத் தேர் பறந்தது. சேந்தியின் முக்காடு காற்றில் போயிற்று. கண்ணில் நீர் வழிய வழிய அவள் சிரித்தாள். தேர் நின்றதும், "இன்னொரு தடவ விடுண்ணே, இன்னும் மனசு நெறயல" என்று பிள்ளை போலக் கெஞ்சினாள். மூன்றாம் சுற்றும் முடிந்து இறங்கும்போது அவள் மனத்தில் கூத்து பாதி உருவாகிவிட்டது. ஒரே ஒரு கேள்விதான் மிச்சமிருந்தது.

"ஏண்ணே, இத தெருவுல விட்டா எப்படி நிறுத்துவ?"

கொற்றன் குதிரைகளின் வாயிலிருந்த நுரையைத் துடைத்து முடித்தான். பிறகு, "நிறுத்த இடம் பத்தாது தாயி. எதுர்ல வாறவுகதான் ஒதுங்கிக்கணும்" என்றான்.

அவள் அதை அப்போது பெரிதாக எண்ணவில்லை. வெளியும் குதிரையும் காற்றும் கொண்டு அழகானதொரு கூத்தை ஆக்கினாள். ஒத்திகை காண வந்த வயிரமேகர் இறுதிவரை பொறுமையோடு பார்த்துவிட்டு, இது போதாது என்றார். வெட்டவெளியில் ஓடும் தேரை எவரும் வாங்கார். தேர் மீன்கடைத் தெருவுக்குள் பாய வேண்டும், கூடைக்காரிகளும் சுமைகாரரும் கோழிகளைப் போலச் சிதறி ஓட வேண்டும், அவையோர் அதைக் கண்டு வாய்விட்டுச் சிரிக்க வேண்டும் என்று பணித்தார்.

"எதுக்குங்க ஐயா அவங்க ஓடணும்?" என்று கேட்டாள் சேந்தி.

"தேர் வாங்குறவன் தேரையா வாங்குறான்? ஊரே தனக்கு ஒதுங்குறத வாங்குறான். அதக் காட்டு, போதும்" என்றார் அவர்.

"அப்ப ஊருகிட்டயும் ஒரு வார்த்த கேட்டுட்டு வில்லுங்க."

வயிரமேகர் நகைத்தார். அரசியாரின் வாக்கு தம்மிடம் இருப்பதை நினைவூட்டிவிட்டு எழுந்து போனார். அந்த வாக்கை நினைத்துத்தான் சேந்தி இணங்கினாள். சிதறி ஓடும் பாவைகளை வெட்டினாள். சுமைகாரன் ஒருவன், வெற்றிலை விற்பவன் ஒருவன், தலையில் கூடையோடு மீன்காரி ஒருத்தி. முழவு கொட்டும் அவளுடைய நாத்தி, காரி என்பவள், "ஏன் மதினி, இவ சாடை நம்ம மீன்கடப் பொன்னாச்சி மாதிரியே இருக்குதே?" என்று கேட்டாள். சேந்தி மற்றப் பாவைகளையும் எடுத்து விளக்கொளியில் பார்த்தாள். தான் வெட்டிய எல்லா முகங்களும் அந்தத் தெருவின் முகங்களே என்பதை அவள் அப்போதுதான் கண்டாள்.

பெருநாள் அந்தியில் கடற்கரை நிறைந்திருந்தது. மேடைமேல் சிற்றரசரும் அவர்தம் மைந்தரும். கீழே மணலில் எம் நகரத்தார். வளிமுந்தி திரையில் தோன்றியதும் எழுந்த ஆரவாரத்தைத் தங்கள் தூதர் மறைக்க மாட்டார். வெளியைக் கடந்தது, பாலத்தைக் கடந்தது, மீன்கடைத் தெருவுக்குள் நுழைந்தது. சுமைகாரன் ஓடினான், மேடை சிரித்தது. வெற்றிலைக்காரன் தட்டோடு கவிழ்ந்தான், மேடை இன்னும் சிரித்தது. மணலில் இருந்தவர்கள் சிரிக்கவில்லை. இடக்கையில் தேரும் வலக்கையில் மீன்காரியுமாகத் திரைக்குப் பின்னே நின்ற சேந்திக்கு அந்த மௌனம் கேட்டது.

அவள் முன்கூட்டித் திட்டமிட்டாள் என்று தங்கள் ஓலை பழிக்கின்றது. அது பொய். மீன்காரியை நகர்த்த வேண்டிய நொடியில் அவள் கை நகரவில்லை, அவ்வளவே. தேர்ப்பாவை பாய்ந்து வந்து, மீன்காரியின் கூடைக்கு ஒரு விரற்கடை முன்னே நின்றுபோயிற்று. காரி முழவை நிறுத்தினாள். என்ன செய்வது என்று சேந்திக்கே தெரியவில்லை. அப்போது மணலிலிருந்து ஒரு பெண்குரல், "நகராத தாயி! நில்லு!" என்று கூவிற்று.

அந்தச் சொல்லே அவளுக்கு மூச்சாயிற்று. மீன்காரியின் குரல் தானாகவே வாயில் வந்தது. "ஏலேய், கண்ணு மண்ணு தெரியலியா? இந்தத் தெரு ஒங்கப்பன் வீட்டுக் கொல்லையா? கீழ எறங்கு. எறங்கி இந்தக் கூடையத் தூக்கி என் தலையில வையி. வச்சுட்டுக் குதிரையப் புடிச்சுக்கிட்டு நடந்து போ."

திரையில் தேரோட்டி இறங்கினான்; கூடையைத் தூக்கி வைத்தான்; குதிரையைப் பிடித்துக்கொண்டு நடந்து போனான். கடற்கரை அதிர்ந்தது. மேடைமேல் இருந்த இளஞ்செல்வர் சிலர்கூடக் கைதட்டினர். வயிரமேகர் எழுந்து போய்விட்டார்.

கதை இத்துடன் முடிந்திருக்குமாயின், வேந்தே, எம் அரசியார் தங்கள் தூதருக்கு ஆறுதலாக முத்துமாலை ஒன்று அளித்து அனுப்பியிருப்பார். முடியவில்லை. மறுநாள் காலை, திரையில் காட்டத் தவறியதை மண்ணில் காட்டுவேன் என்று வஞ்சினம் கூறி, மெய்யான வளிமுந்தியை மீன்கடைத் தெருவின் தலைப்பில் கொணர்ந்து நிறுத்தினார் வயிரமேகர். கொற்றனை ஓட்டச் செய்து, தாமும் சாட்டையோடு அருகில் ஏறி நின்றார். செய்தி தெருவெங்கும் பரவியது. ஒதுங்குமாறு அவருடைய ஏவலர் கூவினர். எவரும் ஒதுங்கவில்லை. கூடைக்காரிகள் கூடையை இறக்காமல் நின்றனர். சுமைகாரர் சுமையோடு நின்றனர். எவரும் அழையாமலே சேந்தி வந்து அவர்களுக்கு முன்னால் நின்றாள். "எங் கைதான் இவங்கள நிறுத்துச்சு. நா வீட்டுல உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்?" என்று தன்னைத் தடுத்த காரியிடம் சொல்லியிருக்கின்றாள். தான் அஞ்சியதை அவள் எம் அரசியாரிடம் மறைக்கவில்லை.

கொற்றன் தேரை மெல்லவே விட்டான். பாதித் தெருவில் கடிவாளத்தை இழுத்து, "முடியாதுங்க. ஆளுக நிக்கிறாக" என்றான். தங்கள் தூதர் அவனை வைது, தாமே சாட்டையைக் குதிரைகளின் முதுகில் வீசினார். குதிரைகள் துள்ளிப் பாய்ந்தன. நிறுத்த இடமில்லை என்பதைக் கொற்றனைவிட அறிந்தவர் யார்? அவன் தன் உடல் முழுவதையும் ஒரு கடிவாளத்தில் போட்டு, குதிரைகளை நெற்பண்டசாலையின் சுவரை நோக்கித் திருப்பினான். ஆரக்கால்கள் சிதறின, நுகம் முறிந்தது. முறிந்த நுகத்தடி சேந்தியின் வலத்தோளில் இறங்கிற்று. அவளுக்குப் பின்னால் நின்றவர்களில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

கொற்றன் புழுதியிலிருந்து எழுந்து முதலில் அவளிடம்தான் ஓடினான். வயிரமேகரின் ஏவலர் அவனைக் கட்ட வந்தபோது எம் நகரத்துச் சுமைகாரர் குறுக்கே நின்றனர். சேந்தியைக் கட்டிலில் சுமந்து வைத்தியர் வீட்டுக்குக் கொண்டுபோன நால்வரில் அவனும் ஒருவன். இனி அவன் எம் குடி.

வைத்தியர் எலும்பைச் சேர்த்துக் கட்டினார். நரம்பைச் சேர்க்க அவரால் இயலவில்லை. அந்தக் கையின் விரல்கள் இனிப் பாவைக்கோல் பிடிக்கமாட்டா. எம் அரசியார் நேரில் சென்று பார்த்தபோது, நோவிலும் காய்ச்சலிலும் கிடந்தவள், "தேரு நல்ல தேருதாம்மா. அத மட்டும் யாரும் கொற சொல்ல வேணாம்" என்று சொல்லிவிட்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நெடுநேரம் அழுதாள்.

ஆகவே வேந்தே, தாங்கள் கேட்கும் வலக்கையைத் தங்கள் தேர் முன்பே எடுத்துக்கொண்டு போயிற்று. ஒரே கையை இருமுறை கேட்பது எந்த நாட்டு நீதி என்று எம் அரசியார் வினவுகின்றார்; இதற்கு மறுமொழி எதிர்பார்க்கவில்லை.

கணவாயை அடைப்போம், தினையும் புரவியும் இறங்கா என்று தங்கள் ஓலை அச்சுறுத்துகின்றது. அடைத்துக்கொள்க. மீனும் நெல்லும் உண்டு எம் மக்கள் வாழ்வர். உப்பின்றித் தங்கள் மக்கள் எவ்வாறு உண்பர் என்பதைத் தாங்களே எண்ணிக்கொள்க. படை வரும் என்றும் எழுதியிருக்கின்றீர்கள். வருக. கோட்டை வாயிலுக்கு வரும் வழி மீன்கடைத் தெரு ஒன்றே. அங்கு நிற்கும் மக்களைத் தாண்டியே வரவேண்டும். அன்று எம் அரசியாரும் அவர்கள் நடுவில் நிற்பார்.

இனி எம் அரசியாரின் ஆணைகள். சேந்தியின் கூத்து, அன்று திரையில் நடந்தபடியே, எம் துறைமுகங்கள் அனைத்திலும் ஆடப்பெறும். பாவையைக் காரி ஆட்ட, குரலைச் சேந்தி தருவாள். சாட்டையை வீசிய வயிரமேகர் எம் எல்லையை இனி மிதித்தல் கூடாது. அரசியாருக்குத் தாங்கள் அன்பளிப்பாக விடுத்த மற்றொரு வளிமுந்தியைக் கீறல் ஒன்றுமின்றித் திருப்பி அனுப்புகின்றோம். தங்கள் தேர்களை விற்க விரும்பின், எம் வாயில் திறந்தே இருக்கின்றது. வெளியில் அவை பறக்கட்டும். நாங்களும் வந்து கண்டு மகிழ்வோம். தெருவுக்குள் நுழையும்போது பாகன் இறங்கிக் குதிரையைப் பிடித்துக்கொண்டு நடந்து வருக. அரசியாரின் தேருக்கும் இதுவே ஆணை.

இவ்வோலையின் அரக்கு முத்திரையில் குறி சற்றுச் சாய்ந்து, ஓரம் நசுங்கியிருப்பதைக் கண்டு போலியோ என்று தங்கள் அவையோர் ஐயுற வேண்டா. முத்திரைமோதிரத்தைக் கழற்றி அரசியார் சேந்தியிடம் தந்தார். அவள் அதை இடக்கையால் பதித்தாள்.